எலிசா பெஞ்சில் கட்டைவிரல் வலி: முதலில் எதை மாற்றுவது?

சீரம்_பெஞ்ச்:

வணக்கம். நடுத்தர அளவு நோயறி ஆய்வகம். சீராலஜியும் (ரத்த சீரச் சோதனை) மாலிக்யூலரும் (மரபணுச் சோதனை) ஒரே தளத்தில் இருக்கின்றன. பிப்பெட் (கட்டைவிரலால் குமிழை அழுத்தித் திரவத்தை அளந்து இழுத்து விடும் கருவி) பிடிக்கும் ஐந்து டெக்னீசியன்களில் மூன்று பேருக்குக் கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை வலி. இரண்டு பேருக்கு அந்த இடத்தைத் தொட்டாலே வலிக்கிறது. மூன்றாமவருக்கு இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன.

வேலை இதுதான். தினமும் எலிசா (சீரத்தில் எதிர்ப்பொருள் போன்றவற்றை நிற மாற்றத்தால் கண்டறியும் சோதனை) ஐந்தாறு பிளேட் (96 சிறு குழி கொண்ட தட்டு). சாம்பிளை 1:100 நீர்க்கிறோம்: ட்யூபில் 990 மைக்ரோலிட்டர் டைலுவென்ட் (நீர்க்கும் திரவம்), 10 மைக்ரோலிட்டர் சீரம், பிப்பெட்டாலேயே பத்து முறை ஏற்றி இறக்கிக் கலக்குதல், பிறகு 100 மைக்ரோலிட்டர் பிளேட்டுக்கு. கான்ஜுகேட் முதலான ரீஏஜென்ட்களுக்கு (சோதனைக்கான வேதித் திரவங்கள்) மட்டும் 8-சானல் (எட்டுக் குழிக்கு ஒரே நேரத்தில் போடும் பிப்பெட்) உண்டு. அதற்குமேல் 2 மில்லி கிரையோ வயல் (சாம்பிளை உறையவைக்கும் சிறு குப்பி), திருகு மூடி, தினமும் சுமார் 200. பி.சி.ஆர். (மரபணுச் சோதனை) தயாரிப்பு ஹூட்டுக்குள் (காற்றோட்டப் பாதுகாப்புப் பெட்டி). பிப்பெட் எல்லாம் கையால் அழுத்தும் வகை, பல கம்பெனி, பல வயது. டிப் (பிப்பெட் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனை) எங்கே மலிவோ அங்கே வாங்கும் யுனிவர்சல் டிப், எல்லா கம்பெனி பிப்பெட்டுக்கும் பொருந்தும் என்று விற்பது.

இந்த ஆண்டு பட்ஜெட்டில் ஒரே ஒரு பெரிய பொருள் வாங்கலாம். எலக்ட்ரானிக் பிப்பெட்டா, வேறு ஏதாவதா? அதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடியவை என்ன? மேலிடத்தில் "ஸ்ப்ரே அடிச்சுக்கச் சொல்லுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.


பிஸ்டன்:

வாங்குவதற்கு முன் இருக்கிற பிப்பெட்டை அளந்துடுங்க. கட்டைவிரலுக்கு வரும் சுமை ரெண்டே விஷயம்தான்: எத்தனை தடவை அழுத்துறோம், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பலமா அழுத்துறோம். தடவையைப் பத்தி வேற யாராவது எழுதுவாங்க, நான் பலத்தைச் சொல்றேன்.

5 கிலோ வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். மேல ஒரு மெல்லிய ரப்பர் ஷீட் போடுங்க. டிப் இல்லாம பிப்பெட்டைத் தலைகீழாப் பிடிச்சு, அழுத்தும் குமிழைத் தராசின் மேல் வெச்சு, ரெண்டு கையாலயும் உடம்பை நேரா கீழே தள்ளுங்க. மெதுவா. முதல் நிறுத்தம் (அளந்த திரவம் வெளியேறும் இடம்) வந்ததும் கையில தட்டும், அப்ப உள்ள எண்ணைக் குறிச்சுக்குங்க. இன்னும் தள்ளினா இரண்டாம் நிறுத்தம் (மிச்சச் சொட்டை ஊதித் தள்ளும் இடம்). அங்கே வேற ஒரு ஸ்பிரிங் சேருது, அதனால எண் சட்டுனு ஏறும், பல மாடல்ல இரண்டு மடங்குக்கும் மேல. அடி தட்டுறதுக்குச் சற்று முன்னால் காட்டுவதுதான் கணக்கு. அடி தட்டின பிறகு காட்டுவது உங்க கை பலம், ஸ்பிரிங் பலம் இல்லை. மூணு தடவை அளந்து நடு எண்ணை எடுங்க. டிப் கழற்றும் பட்டனுக்கும் அதே மாதிரி: வழக்கமா எப்படி மாட்டுவீங்களோ அப்படியே டிப் மாட்டி, பட்டனைத் தராசின் ஓரத்துல வெச்சு அழுத்தி, டிப் கழலும் நொடியில என்ன காட்டுதுன்னு இன்னொருத்தர் பார்க்கணும்.

ஒரே மாடல் பிப்பெட்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க. நாலுல ஒண்ணு மட்டும் கூடுதலாக் காட்டினா அது வடிவமைப்புக் கோளாறு இல்லை, பராமரிப்புக் கோளாறு. பெரும்பாலும் சீல் காய்ந்திருக்கும், அல்லது பிஸ்டன்ல அமில ஆவி பட்டு அரிச்சிருக்கும். கீழ்ப்பகுதியைக் கழற்றி, பிஸ்டனை 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சு, வெளிச்சத்துல பிடிச்சுக் கீறல் பாருங்க. கீறல் இருந்தா பிஸ்டன், சீல் ரெண்டும் மாத்தணும். இல்லைன்னா கம்பெனி சொன்ன கிரீஸ், விரல் நுனியில ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும். அதிகமாப் போட்டா தூசியைப் பிடிச்சு முன்னைவிட இறுகும். சில மாடல்ல கிரீஸே போடக்கூடாது, மேனுவலைப் பாருங்க. திரும்ப மாட்டினதும் முழு அளவு தண்ணீர் இழுத்து 20 விநாடி நேரா பிடிங்க. நுனியில சொட்டு கட்டினா கசிவு. பிறகு ஐஎஸ்ஓ 8655 (பிப்பெட்டுக்கான சர்வதேசத் தரம்) முறைப்படி எடை வெச்சுச் சரிபார்க்காம பெஞ்சுக்குக் கொடுக்காதீங்க.

அடுத்து டிப். நான் பார்த்த வரைக்கும் பாதிப் பிரச்சினை இங்கேதான். யுனிவர்சல் டிப் பிப்பெட்டின் நுனிக் கூம்புல சரியா உட்காரலைன்னா கசியும். கசியுதுன்னு டெக்னீசியன் பெட்டியில "டக் டக்"னு குத்தி மாட்டுவார். குத்தி மாட்டின டிப்பைக் கழற்ற அதே அளவு பலம் வேணும், அதைக் கொடுக்கறது கட்டைவிரல். ஒரு லேசான அழுத்தத்துல மாட்டி, தண்ணீர் இழுத்துக் கசிவு பாருங்க. லேசா மாட்டினாக் கசியும் டிப்பு அந்தப் பிப்பெட்டுக்கான டிப்பே இல்லை. மலிவு டிப்புல மிச்சம் பிடிக்கும் காசு பிசியோதெரபிக்குப் போகுது.

ஒரு சின்ன விஷயம், சம்பந்தம் இல்லாம இல்லை. 1957-ல் ஜெர்மனி மார்பூர்க்ல ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் இந்த ஸ்பிரிங் பிஸ்டன் பிப்பெட்டைச் செஞ்சார், 1961-ல் எப்பெண்டார்ஃப் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரைக்கும் கண்ணாடிக் குழாயில வாயால உறிஞ்சுறதுதான் வழக்கம். வாய் தப்பிச்சது. வேலை மொத்தமும் கட்டைவிரல் தலையில விழுந்துது. அறுபது வருஷத்துக்கு மேல அடிப்படை வடிவம் மாறவே இல்லை.


மணிக்கட்டு_வைத்தியம்:

கை மறுவாழ்வுப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். மூன்று பேருக்கும் ஒரே நோய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு வகை தெரிகிறது.

முதல் இருவர்: கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் தொட்டால் வலி என்றால், டி கெர்வெய்ன் தசைநாண் உறை நோய் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் அங்கே ஒரே உறைக்குள் ஓடுகின்றன. பிப்பெட் குமிழை அழுத்துவதில் மட்டுமல்ல, விரலை அதிலிருந்து எடுத்து மேலே தூக்கி நிறுத்துவதிலும் அவை இழுபடுகின்றன. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருந்தால் உரசல் இன்னும் கூடும். உறை தடிக்கிறது, தசைநாண் உள்ளே வழுக்கி ஓட இடம் குறைகிறது.

சோதனை: கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்க வேண்டும். அந்த எலும்பின் மேல் சுரீரென்று பிடித்தால் சந்தேகம் உறுதிப்படும். (எல்லோரும் இதை ஃபிங்கெல்ஸ்டைன் சோதனை என்கிறார்கள். முஷ்டி மடக்கிச் செய்வது உண்மையில் ஐக்காஃப் சோதனை.) நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கும் என்பதால் இரு கையையும் செய்து ஒப்பிடுங்கள். வேகமாகச் சாய்க்க வேண்டாம்.

மூன்றாமவர்: இரவில் மரத்துப்போவது, எழுந்து கையை உதறினால் சரியாவது, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் கார்பல் டனல், அதாவது மணிக்கட்டு நடுநரம்பு அழுத்தம். மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் என்றால் கதை வேறு, முழங்கையில் அல்நார் நரம்பு நசுங்குகிறது. ஹூட்டின் இரும்பு விளிம்பில் முழங்கையை ஊன்றி வேலை செய்கிறாரா என்று பாருங்கள். எந்த விரல் என்பதை அவரிடம் சரியாகக் கேட்டுவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். நரம்புக் கடத்தல் சோதனை தேவைப்படலாம். சர்க்கரையும் தைராய்டும் பார்ப்பார்கள், பார்க்க வேண்டும்.

வேறு இரண்டும் இதே இடத்தில் வலிக்கும். கட்டைவிரல் மடங்கி நின்று "டக்" என்று விடுபட்டால் டிரிக்கர் விரல். வலி எலும்பின் மேல் இல்லாமல் விரலின் அடி மூட்டில் ஆழமாக, மூடி திருகும்போது கூடுகிறது என்றால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இது சாதாரணம். உங்கள் இடத்தில் 200 வயல் திருகுவதால் இதையும் மறக்க வேண்டாம்.

டி கெர்வெய்னுக்குச் சிகிச்சை: கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட், நுனி மூட்டு மட்டும் அசையலாம், 3 முதல் 6 வாரம். வலி அதிகமான நேரத்தில் துணி சுற்றிய ஐஸ் 10 நிமிடம். வலி மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும். இதில் அடங்காவிட்டால் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி, பலருக்கு நன்றாகக் கேட்கும். இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப் போகலாம், நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். சிலருக்கு அந்த உறைக்குள்ளேயே ஒரு தடுப்புச் சுவர் இருந்து இரண்டு தசைநாணும் தனித்தனி அறையில் ஓடும். மருந்து ஒரு அறைக்கு மட்டும் போனால் ஊசி "பலிக்கவில்லை" என்பார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டால் இதைத் தவிர்க்கலாம். எதற்கும் அடங்காதவர்களுக்கு உறையைத் திறந்துவிடும் சிறு அறுவைச் சிகிச்சை.

கார்பல் டனலுக்கு இரவு ஸ்பிளின்ட், மணிக்கட்டு நேராக. அவ்வளவுதான் முதலில்.

செய்யக்கூடாதவை: ரப்பர் பந்து பிசைவது (ஏற்கெனவே அளவுக்கு மீறி உழைத்த விரலுக்கு இன்னும் வேலை), சொடக்கு எடுப்பது, வலிக்கும் இடத்தில் தைலம் போட்டு அழுத்தி நீவுவது, கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அதே வேலையைத் தொடர்வது. மரப்பு நாள் முழுக்க நின்றால், பொருள் கையிலிருந்து நழுவினால், கட்டைவிரல் அடிச் சதை சூம்பினால் காத்திருக்க வேண்டாம். வீங்கிச் சிவந்து காய்ச்சலோடு வந்தால் அன்றைக்கே போக வேண்டும், அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

இன்னொன்று. கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு இதே தசைநாணில் இதே நோய் வரும், குழந்தையைத் தூக்கும் விதத்தால். அதைச் சாக்காக வைத்து "இது வேலையால் வந்ததல்ல" என்று நிர்வாகம் சொல்வது தவறு. இரண்டு சுமையும் ஒரே உறையில் கூடுகின்றன, ஆய்வகத்தால் குறைக்க முடிவது ஆய்வகச் சுமையைத்தான்.


96_குழி:

எண்ணிக்கையை நான் போடுறேன். உங்க 1:100 முறையில ஒரு சாம்பிளுக்குக் கட்டைவிரல் எத்தனை முறை இறங்குது?

டைலுவென்ட் 990: இழுக்க ஒண்ணு, விட ஒண்ணு, 2. சீரம் 10: இழுக்க, விட, டிப் கழற்ற, 3. கலக்கல் 10. பிளேட்டுக்கு மாற்றல்: இழுக்க, விட, கழற்ற, 3. ஆக 18. ஒரு பிளேட்டுக்கு 90 சாம்பிள்னு வெச்சா 1,620. இதை அஞ்சால பெருக்குங்க. நாளொன்றுக்கு 8,000 தாண்டுது, ஒரு ஆள் ரெண்டு பிளேட் பார்த்தாலே 3,240. பாதிக்கும் மேல எங்கே போகுதுன்னு பாருங்க: கலக்கல்ல. அந்த வேலையைச் செய்ய விரலே வேண்டாம்.

மாற்று முறை:

ட்யூபை விட்டுட்டு 2 மில்லி டீப் வெல் பிளேட்டுக்கு (ஆழக் குழித் தட்டு) வாங்க, எலிசா பிளேட்டோட அதே 8 × 12 அமைப்புல. டைலுவென்ட்டை ரிப்பீட்டர் டிஸ்பென்சரால போடுங்க, ஒரு முறை நிரப்பினா பல குழிக்கு வரும், ஒரு குழிக்கு ஒரே அழுத்தம். சீரம் 10 மட்டும் ஒற்றைப் பிப்பெட்டால, அது தவிர்க்க முடியாது, ட்யூபிலிருந்து வருது. மேல சீல் ஒட்டி பிளேட் ஷேக்கர்ல கலக்குங்க. பிறகு 8-சானலால எலிசா பிளேட்டுக்கு மாற்றுங்க: 12 வரிசை, வரிசைக்கு 3 அழுத்தம்.

கணக்கு: டைலுவென்ட் 90 + சீரம் 270 + கலக்கல் 0 + மாற்றல் 36 = 396. நாலுல ஒரு பங்குக்கும் கீழே.

எங்கே தப்பும்னா: டீப் வெல்லுல ஷேக்கர் வேகம் போதாம அடியில சீரம் தங்கிடும். குழி குறுகலா ஆழமா இருக்கறதால மேல்மட்டம் மட்டும் ஆடும், அடி அப்படியே இருக்கும். கண்ணால பார்த்து "கலந்துடுச்சு"ன்னு விடாதீங்க. சீரத்துக்குப் பதிலா ஏதாவது உணவு நிறமியோ ஃபீனால் ரெட்டோ 10 மைக்ரோலிட்டர் போட்டு, ஷேக்கர்ல வெச்சு, 1 நிமிஷம், 2 நிமிஷம், 5 நிமிஷத்துல குழியின் மேலிருந்தும் அடியிலிருந்தும் 100 எடுத்து ரீடர்ல (நிறத்தின் அடர்த்தி அளக்கும் கருவி) படிங்க. ரெண்டும் ஒத்துப்போகும் நேரம்தான் உங்க நேரம். 990-க்குமேல நிரப்பாதீங்க, சீலை நனைச்சா பக்கத்துக் குழிக்குப் போகும். சீலை எடுக்கறதுக்கு முன் பிளேட்டை ஒரு சுற்று சென்ட்ரிஃப்யூஜ்ல இறக்கிடுங்க.

"10-ஐ 5 ஆக்கி 495-ல போட்டா சின்ன டீப் வெல்லே போதுமே"ன்னு யாராவது சொல்வாங்க. வேண்டாம். அளவு குறையக் குறைய பிப்பெட்டின் பிழை விகிதம் ஏறும். முறையை மாத்தினதும் பழைய முறையோட சேர்த்து ஒரே சாம்பிள்களை ஓட்டி ஒப்பிட்டு, எழுதி வெச்சுட்டுத்தான் மாறணும். ஆடிட்டர் கேட்பார்.

சப்ஸ்ட்ரேட் (நிறம் தரும் திரவம்) போடும்போது குமிழி வரக்கூடாதுன்னு பலர் ரிவர்ஸ் பிப்பெட்டிங் (கூடுதலா இழுத்து மிச்சத்தை டிப்புலயே விடறது) செய்றாங்க. நல்ல பழக்கம்தான், ஆனா ஒவ்வொரு இழுப்புக்கும் இரண்டாம் நிறுத்தம் வரை போகணும். பிஸ்டன் மேல சொன்ன அந்தக் கனமான ஸ்பிரிங். தேவைப்படும் ரீஏஜென்ட்டுக்கு மட்டும் வெச்சுக்குங்க, எல்லாத்துக்கும் வேண்டாம்.

இன்னொரு கெட்ட பழக்கம்: டிப் மாட்டின உடனே குமிழை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே சாம்பிள் ட்யூபைத் தேடறது. அழுத்தம் எண்ணிக்கையில ஒண்ணுதான், ஆனா விரல் பிடிச்சு நிக்கற நேரம் பல விநாடி. ட்யூபுக்கு மேல வந்த பிறகு அழுத்துங்க.

கிரையோ வயல்: 200 வயல்னா 400 திருகல். அடிப்பக்கம் பல் வெச்ச வயல், அதைச் சுழல விடாம பிடிக்கும் ரேக், ரெண்டும் ஒரே கம்பெனியுதா வாங்குங்க. அப்ப வயலை இடது கையால இறுக்கிப் பிடிக்கற வேலை இல்லை. மூடி கழற்றும் சின்ன மின்கருவி உண்டு, 8 மூடியை ஒண்ணாக் கழற்றுறதும் உண்டு. மூடும்போது வாஷர் நசுங்கும் வரைக்கும்தான். அதுக்குமேல முறுக்கினா வாஷர் பிதுங்கி -80-ல கசிவு வரும், அடுத்தவருக்குத் திறக்கவும் முடியாது.


அனு_டெக்:

இடது கையால் மாற்றி மாற்றிச் செய்யலாமா?


96_குழி:

பஃபர் ஊத்த, கழிவு எடுக்க, வயல் மூட, தாராளமா. 10 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு மட்டும் வேண்டாம், இடது கையால எடை வெச்சுப் பார்த்து அளவு சரியா வருதுன்னு தெரியற வரைக்கும். சுழற்சி முறை போடறவங்களும் ஒண்ணைக் கவனிங்க: பிப்பெட் பெஞ்சிலிருந்து வயல் திருகும் பெஞ்சுக்கு மாத்தறது ஓய்வு இல்லை. அதே விரல்தான். சாம்பிள் பதிவு, பிளேட் ரீடிங், ஸ்டாக் எடுப்பு மாதிரி வேலைக்கு மாத்துங்க. 20 நிமிஷத்துக்கு ஒருமுறை ஒண்ணு ரெண்டு நிமிஷம் கையைத் தொங்கவிடறது, ஷிஃப்ட் நடுவுல மொத்தமா விடற அரை மணியைவிட நல்லது.


ஹூட்_ஓரம்:

எல்லாரும் கையையே பேசுறீங்க. நாற்காலியைப் பத்தி யாரும் சொல்லலை.

பெரும்பாலான லேப்ல கிரானைட் பெஞ்ச் 90 செ.மீ. உயரம், நின்னு வேலை செய்ய வெச்சது. கீழே போட்டிருக்கறது 45 செ.மீ. ஆபீஸ் நாற்காலி. உட்கார்ந்தா பெஞ்ச் மார்புக்கு வருது. அதுக்குமேல ரேக், அதுக்குள்ள ட்யூப், அதுக்குமேல டிப்போட சேர்த்து 30 செ.மீ. நீளப் பிப்பெட். கை தோளுக்கு நிகரா தூக்கி நிக்குது, மணிக்கட்டு கீழே வளையுது. மூணு மணி நேரம் இப்படி இருந்தா கழுத்தும் தோளும் பிடிக்காம என்ன செய்யும்? 60-65 செ.மீ. வரை ஏறும் ஸ்டூல், முதுகுத் தாங்கி, கால் வளையம். முழங்கை பெஞ்ச் மட்டத்துக்கு வரணும், கொஞ்சம் மேலேயே இருந்தாலும் சரி. கால் தொங்கினா ஸ்டூல் பயன் இல்லை.

பெஞ்ச் மேல: அடிக்கடி தொடும் பொருளை முன்கை நீளத்துக்குள்ள அரைவட்டமா வையுங்க. 1000 மைக்ரோலிட்டர் டிப் பெட்டி உயரமா இருக்கும், அதைப் பின்னால வெச்சா ஒவ்வொரு டிப்புக்கும் கை மலை ஏறி இறங்கணும். டிப் போடும் குப்பை டப்பா, ட்யூபின் வாய் மட்டத்துக்குமேல இருக்கக்கூடாது. அந்த உயரமான ஷார்ப்ஸ் டப்பாவை பெஞ்ச் மேல வைக்காம, பக்கத்துல தாழ்வான ஸ்டாண்டுல இறக்குங்க. ஐஸ் பக்கெட்டை உங்க பக்கம் சாய்ச்சு வையுங்க, மணிக்கட்டு வளையாம எடுக்க வரும்.

ஹூட்: முழங்கை விளிம்புல ஊனறதைத் தவிர்க்கச் சிலர் துண்டைச் சுருட்டி முன் கிரில் மேல போடுவாங்க. அதுதான் ஆபத்து. அந்தக் கிரில் வழியாத்தான் முன்காற்று உள்ளே இழுக்கப்படுது, அதை அடைச்சா உள்ளே இருக்கறது உங்க முகத்துக்கு வரும். கிரிலுக்கு மேல உயர்ந்து நிக்கும் கைத்தாங்கி தனியா கிடைக்கும், உங்க மாடலுக்குப் பொருந்தறதா வாங்குங்க. வேலை கிரிலிலிருந்து 10 செ.மீ. உள்ளே நடக்கட்டும், அதைவிட ஆழத்துல பொருள் பரப்பி வெச்சா குனிஞ்சு எட்ட வேண்டியிருக்கும். ஹூட் அடியில அட்டைப் பெட்டி அடுக்கி வெச்சிருந்தா இன்னைக்கே எடுங்க. காலுக்கு இடம் இல்லாம முதுகை வளைச்சு உட்கார்றதுக்கு அதுதான் காரணம்.

கையுறை: ஒரு அளவு சின்னதா இருந்தா ஒவ்வொரு மடக்கலுக்கும் ரப்பரை இழுக்கணும். பெரிசா இருந்தா வழுக்காம இருக்க இறுக்கிப் பிடிக்கணும். ஒரே 'எம்' சைஸை மொத்தமா வாங்கி எல்லாருக்கும் கொடுக்கறது சேமிப்பு இல்லை.


மைக்ரோடோம்_ராணி:

ஹிஸ்டோ (திசுப் பரிசோதனை) பக்கமும் இதே கதைதான், அங்கே திசுவை மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் கருவியின் சக்கரம். கேள்விக்கு வெளியே என்பதால் சுருக்கமாக. சுற்று எண்ணிக்கை கூடுவதற்கு முக்கியக் காரணம் எம்பெட்டிங் (திசுவை மெழுகு அச்சில் பதிப்பது). திசு அச்சில் சாய்ந்து உட்கார்ந்தால் முழு முகம் வரும்வரை டிரிம் செய்தே கை ஓய்ந்துவிடும். அடுத்தது மழுங்கிய பிளேடு. பிளாக்கை ஐஸில் 10-15 நிமிடம் குளிர வைத்தால் அழுத்தம் குறையும். டிரிம் அளவை 5-லேயே வைத்துச் சுற்றாமல் 20-30 மைக்ரானுக்கு ஏற்றுங்கள். ஊசி பயாப்சியில் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம், இருக்கும் திசு போய்விடும்.


சீரம்_பெஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி. கலக்கல்தான் பாதிக்கு மேல் என்பது கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை. மூன்று கேள்வி மிச்சம். ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு மேலே கையுறை மாட்டி வேலை செய்யலாமா? ஆள் குறைவு. வாங்குவது ரிப்பீட்டரா, எலக்ட்ரானிக் பிப்பெட்டா? நிர்வாகத்திடம் காட்ட ஏதாவது உறுதியான ஆதாரம் உண்டா?


மணிக்கட்டு_வைத்தியம்:

முதல் கேள்விக்கு: வேண்டாம். ஸ்பிளின்ட் விரலை அசையவிடாமல் வைக்கத்தான். அதற்குள் இருந்து அழுத்தினால் தசைநாண் ஸ்பிளின்ட்டோடு மல்லுக்கு நிற்கும், சுமை முழங்கைக்கும் தோளுக்கும் ஏறும். துணி ஸ்பிளின்ட் சீரம் தெறிக்கும் பெஞ்சில் இருப்பதும் சரியல்ல, துவைத்துக் கிருமி நீக்க முடியாது. அந்த வாரங்களில் அவரைப் பதிவு, ரிப்போர்ட் வேலைக்கு மாற்றுங்கள். ஆள் குறைவு என்றால் இப்போது மூன்று வாரம் மாற்றுவது, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒன்றரை மாதம் இழப்பதைவிட மலிவு. திரும்பி வரும்போது முதல் நாளே முழு பிளேட் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை எலும்பு நோய்கள் தனிப் பிரிவாகவே இருக்கின்றன. மணிக்கட்டின் இந்தத் தசைநாண் உறை அழற்சி, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு, பலமான அழுத்தம், மணிக்கட்டின் அளவுமீறிய வளைவு ஆகியவற்றால் வருவதாகப் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. கார்பல் டனலும் உண்டு. "ஸ்ப்ரே அடிச்சுக்க" என்பவருக்கு அதைக் காட்டுங்கள்.


96_குழி:

ஆதாரம் கேட்டீங்கன்னா இன்னொண்ணு. ஸ்வீடன்ல ஆய்வகப் பெண் ஊழியர்களை வெச்சு நடந்த ஆய்வு 1994-ல் வெளியாச்சு. ஆண்டுக்கு 300 மணி நேரத்துக்குமேல பிப்பெட் பிடிக்கறவங்களுக்குக் கை, தோள் தொல்லை கூடுதல்னு கண்டாங்க. 300 மணின்னா பெரிசாத் தெரியும். 240 வேலை நாள்ல வகுத்தா தினம் 75 நிமிஷம். உங்க ஆட்கள் ஒவ்வொருத்தரும் எத்தனை நிமிஷம் பிடிக்கறாங்கன்னு ஒரு வாரம் எழுதி, அந்த எண்ணோட பக்கத்துல வெச்சுக் கொடுங்க. கூடவே 1,620 எதிர் 396 கணக்கையும். நிர்வாகத்துக்கு வலி புரியாட்டியும் எண் புரியும்.

வாங்குவது: உங்க வேலைக்கு ரிப்பீட்டர். 10 மைக்ரோலிட்டர் சீரமும் 8-சானல் மாற்றலும் தவிர மத்ததெல்லாம் ஒரே திரவத்தைப் பல குழிக்குப் போடறதுதான். ஷேக்கர் ஏற்கெனவே இருந்தா செலவு முடிஞ்சுது. இல்லைன்னா முதல்ல ஷேக்கர், அதுதான் அதிகம் குறைக்கும்.


பிஸ்டன்:

96_குழியோட ஒத்துப்போறேன், ஒரு திருத்தத்தோட. ரிப்பீட்டர்லயே எலக்ட்ரானிக் வகை உண்டு, காசு இடிக்கலைன்னா அதையே பாருங்க. கையால நெம்புகோல் அழுத்தும் ரிப்பீட்டர்ல பெரிய சிரிஞ்ச் மாட்டினா ஒவ்வொரு அழுத்தமும் கனமாத்தான் இருக்கும்.

எலக்ட்ரானிக் பிப்பெட் வாங்கினா எல்லாம் தீரும்னு நினைக்கிறவங்களுக்கு: இழுக்கறதும் விடறதும் மோட்டார், சரி. ஆனா பல மாடல்ல டிப் கழற்றுவது இன்னும் கட்டைவிரல்தான், பேட்டரியால எடையும் கூட. சின்னக் கை உள்ளவங்களுக்குப் பட்டன் எட்டாம மணிக்கட்டு வளையும். டெமோ கேளுங்க, ரெண்டு வாரம் கொடுப்பாங்க. அவங்க கொண்டுவர்ற டிப்பை ஒதுக்கிட்டு நீங்க தினமும் வாங்கும் டிப்பை மாட்டி, தராசுல கழற்றும் பலத்தை அளங்க. வலி இருக்கறவர், கை சின்னதா இருக்கறவர், ரெண்டு பேர்கிட்டயும் முழு பிளேட் ஓட்டக் கொடுங்க. அஞ்சு நிமிஷம் பிடிச்சுப் பார்த்து "நல்லா இருக்கு"ன்னு சொல்ற மேனேஜர் கருத்துல ஆர்டர் போடாதீங்க.